பச்சைத் தொட்டிக்குப் புதுக் குழாய்கள்

வெந்நீர்க் குழாயின் பிடி என் கணவரின் கையோடு கழன்று வந்த காலையில் நான் குசினியில் இடியப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். "இஞ்சேரும்!" என்று ஒரு சத்தம். அவர் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அடுப்பை அணைக்காமலே ஓடினேன். குளியலறை முழுக்க ஆவி. தொட்டியின் விளிம்பில் இருந்த பழைய குழாயிலிருந்து வெந்நீர் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் சுவரோடு சாய்ந்து நின்றார். இடக்கையில் குழாயின் வட்டப் பிடி இருந்தது. நல்ல காலம், மேலில் படவில்லை. கீசருக்குக் கீழிருந்த வால்வைத் திருகித் தண்ணீரை நிறுத்தினேன்.

"கையோட வந்திட்டுது," என்றார்.

"சுட்டதே?"

"இல்லை. நான் கொஞ்சம் பாரம் குடுத்துத் திருகினனான்."

பிடியை என்னிடம் நீட்டிய விதத்தில், அவர் எனக்குத் தெரியாமல் ஏதோ செய்யப்போய் அகப்பட்டுக்கொண்டவர் போல இருந்தது. முப்பது வருடத் திருமண வாழ்க்கையில் நான் அவரிடம் பார்த்திராத முகம் அது.

அவர் எஞ்சினியர். வீதிகளும் பாலங்களும் கட்டிய மனிதர். எட்டு மாதங்களுக்கு முன் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நடையும் பேச்சும் மெல்ல மெல்லத் திரும்பிவிட்டன. வலக்கை மட்டும் முழுதாக வரவில்லை. அந்தக் கையால் ஒரு பொருளைத் தள்ள முடியும், அழுத்த முடியும். இறுக்கிப் பிடித்துத் திருக முடியாது. வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் பெண், தினமும் இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் இருந்து விரல்களை விரித்து மூடச் சொல்லியிருந்தார்.

அதனால்தான் அந்தப் பச்சைத் தொட்டிக்கு மறுவாழ்வு கிடைத்தது. நாங்கள் இந்த வீட்டை வாங்கியபோதே அது இருந்தது. வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி. முன்பு இருந்தவர்கள் என்ன எண்ணத்தில் அதைப் பொருத்தினார்களோ தெரியாது. எங்கள் வீட்டில் அதில் படுத்துக் குளித்தவர் ஒருவரும் இல்லை. தண்ணீர் வெட்டு வரும் நாட்களுக்கு நீர் பிடித்து வைக்கவும், போர்வைகள் ஊறவைக்கவும்தான் பயன்பட்டது. இப்போது அவர் அதில் காலை நீட்டிப் படுத்து, தண்ணீருக்குள் கையை விரித்து மூடிக்கொண்டிருப்பார். வெளியே வரும்போது முகம் தெளிந்திருக்கும்.

ஒரே தொல்லை, அந்த இரண்டு குழாய்களும். உருண்டைப் பிடி, உள்ளே துரு. என் கைக்கே இறுக்கமாக இருக்கும். ஒவ்வொரு நாளும் நான்தான் போய்த் திறக்க வேண்டும், சூடு பார்க்க வேண்டும், பூட்ட வேண்டும். நான் வேலையால் வருவதற்குப் பிந்தினால் அவர் தோளில் துவாயோடு கதிரையில் இருந்து பத்திரிகை பார்த்துக்கொண்டிருப்பார். பிந்திவிட்டாய் என்று ஒருநாளும் சொன்னதில்லை. பத்திரிகையின் பக்கமும் புரண்டதில்லை. அன்று காலை அவர் என்னைக் கூப்பிடாமல் தானே திறந்து பார்த்திருக்கிறார்.

தெமட்டகொடையிலிருந்து ஒரு பாஸைக் கூப்பிட்டோம். குழாய் வேலை செய்கிறவர்களையும் கொத்து வேலை செய்கிறவர்களையும் இங்கே எல்லோரும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். வந்தார், குனிந்து பார்த்தார், தொட்டியைச் சுற்றிப் பதித்திருந்த மாபிள் கற்களைக் காலால் தட்டினார்.

"மேக்க கடன்ன ஓன, நோனா," என்றார் சிங்களத்தில். எல்லாவற்றையும் உடைத்தால்தான் குழாயின் அடிக்குக் கை போகுமாம். திங்கட்கிழமை ஆட்களோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். திங்கள் வரவில்லை. அடுத்த திங்களும் வரவில்லை. போன் எடுத்தால் ஒவ்வொரு தடவையும் அதே உற்சாகமான குரல்: "ஹெட்ட எனவா, நோனா, ஹெட்ட எனவா." நாளைக்கு வருகிறாராம். அந்த நாளை விடியவே இல்லை. மூன்று கிழமை நான் கேத்தலில் வெந்நீர் வைத்து வாளியில் தூக்கினேன். தொட்டி நிரம்பும் அளவுக்கு யாரால் தூக்க முடியும்? அவர் ஸ்டூலில் இருந்து கப்பால் அள்ளிக் குளித்தார். கைப் பயிற்சி நின்றுபோனது.

மூன்றாம் கிழமை வெள்ளிக்கிழமை, பின்னேரத் தேநீர் குடிக்கும்போது நான் சொன்னேன்.

"நானே மாத்தப் போறன்."

"எதை?"

"பைப்பை. ரெண்டையும்."

கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "உமக்கு என்ன விசரே? நீர் பல்லு டொக்டர்."

"பல்லும் துருப்பிடிச்ச சாமான்தான். இருபத்தெட்டு வருஷமா அதைத்தானே கழட்டுறன்."

அவர் சிரித்தார். பிறகு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். யோசிக்கும்போது அவர் முகத்தில் பழைய எஞ்சினியர் வந்துவிடுவார்.

"உடைக்கத் தேவையில்லை," என்றார். "இதைப் பூட்டினவன் திரும்பக் கழட்ட வேணும் எண்டு யோசிச்சிருப்பான். எங்கேயோ ஒரு வழி விட்டிருப்பான். குழாய் இருக்கிற சுவருக்கு அங்கால என்ன இருக்கு?"

அங்கால எங்கள் படுக்கையறை. சுவரோடு சேர்த்துக் கட்டிய துணி அலுமாரி. இருவரும் எழுந்து போனோம். அடித் தட்டிலிருந்த போர்வைகளையும் பழைய தலையணைகளையும் இழுத்து வெளியே போட்டுவிட்டு நான் உள்ளே தலையை விட்டேன். பின்சுவர் வெள்ளைப் பூச்சோடு மொத்தமாகத்தான் தெரிந்தது. என் கைப்பையில் எப்போதும் ஒரு வாய்க் கண்ணாடி கிடக்கும், நீண்ட காம்பில் சிறு வட்டக் கண்ணாடி வைத்தது. அதன் காம்பின் நுனியால் சுவரைத் தட்டினேன். உள்ளுக்குள் பழுதான பல்லைக் கண்டுபிடிக்க நாங்கள் இப்படித்தான் ஒவ்வொன்றாகத் தட்டுவோம். டக், டக், டக். செத்த சத்தம். இடப்பக்க மூலையில் மட்டும் டொங்க் என்றது.

"கேட்டுதே?" என்றேன்.

"கேட்டுது, கேட்டுது! சுரண்டிப் பாரும்!"

பூச்சைச் சுரண்டினேன். பலகை. நாலு மூலையிலும் நாலு திருகாணி, வருடக்கணக்கான பெயின்டுக்கு அடியில். பாஸ் உடைக்கப் பார்த்த கற்கள் எல்லாம் அப்படியே இருக்க, எங்கள் போர்வைகளுக்குப் பின்னால் வழி இருந்திருக்கிறது. அன்று மாலையே காலி வீதியிலிருந்த ஹார்ட்வெயர் கடைக்கு நடந்தேன்.

கடைக்காரர் முஸ்லிம் மனிதர். அவருடைய கடைவாய்ப் பல் ஒன்றை நான்தான் பிடுங்கினேன். அதனால் என்னைக் கண்டதும் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"லீவர் பைப் ரெண்டு வேணும். தள்ளினாத் திறக்க வேணும், தள்ளினாப் பூட்ட வேணும்," என்றேன்.

"ஈக்குது டொக்டர்." இரண்டு பெட்டிகளை மேசையில் வைத்தார். பிடி நீளமாக, ஒரு கரண்டிக் காம்பு போல இருந்தது. என் வலக்கையை முஷ்டியாக மடித்து, புறங்கையால் தள்ளிப் பார்த்தேன். கால் வட்டம், அவ்வளவுதான். வழுக்கிக்கொண்டு போனது.

"யாரு பூட்டப் போறது? பாஸ் வாராரா?"

"நான்தான்."

கையைக் கன்னத்திலிருந்து எடுத்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்ட பல்லப் புடுங்கின கை," என்றார் கடைசியில். "இது அதவிடப் பெரிய வேலையில்ல." உள்ளே போய்த் தன்னுடைய சொந்த ஸ்பானர் ஒன்றைக் கொண்டுவந்தார். நீண்ட கழுத்து, நுனியில் கொக்கின் அலகு போல மடங்கிய வாய். தொட்டிக்கு அடியில் கை நுழைய இடமில்லாத நட்டுகளைப் பிடிப்பதற்கென்றே செய்தது. "கொண்டு போய் வேலைய முடிச்சிட்டுத் தாங்க. ஒன்னு மட்டும் செல்றன். மேல ஒராள் பைப்ப அசையாமப் புடிக்கணும். கீழ ஒராள் நட்டக் கழட்டணும். தனிய செய்ய ஏலா."

அதைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. மேலே பிடிக்கிற ஆளுக்கு நல்ல கை இரண்டு வேண்டும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது? குழாயில் துணியைச் சுற்றி ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தால் தனியாகவே சமாளிக்கலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் தொடங்கினேன். வீட்டுக்குள் இருந்த வால்வு முழுதாக மூடவில்லை, நூலாகத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. அதனால் மொட்டை மாடிக்கு ஏறினேன். அங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கறுப்புத் தாங்கி. காகங்கள் வரிசையாக இருந்து என்னைப் பார்த்தன. கீழே ரயில் பாதைக்கு அப்பால் கடல் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. எங்கள் தாங்கி இரண்டாவது என்று நினைவு. வால்வை நன்றாக இறுக்கிப் பூட்டிவிட்டு, பெருமையோடு படியிறங்கினேன்.

இரண்டு படி இறங்கவில்லை, கீழிருந்து குரல் வந்தது. இரண்டாம் மாடி அக்கா.

"டொக்டர்! தண்ணி நிண்டுபோச்சு! உங்களுக்கு வருதே? நான் தலை முழுக்கச் சம்பூவோட நிக்கிறன்!"

"ஒரு நிமிஷம் அக்கா, இப்ப வரும்!" என்று கத்திவிட்டுத் திரும்ப மேலே ஓடினேன். எங்களுடையது மூன்றாவது தாங்கி. மன்னிப்புக் கேட்கப் போனபோது அவர் நுரைத் தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு கதவிடுக்கால் பார்த்தார். நான் என்ன செய்யப் போகிறேன் என்று சொன்னேன்.

"நீங்களோ?" என்றார். அந்த ஒரு சொல்லில் இருந்த சந்தேகம் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. கோபம் நல்லதுதான். வேகமாக மேலே வந்தேன்.

அலுமாரிப் பலகையைக் கழற்றியதும் முகத்தில் ஒரு பழைய காற்று அடித்தது. உள்ளே தூசி, கரப்பான் கூடுகள், எப்போதோ ஒருவர் விட்டுப்போன சீமெந்துப் பையின் துண்டு. நெற்றியில் கிளினிக்கில் பாவிக்கும் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்புவரை அலுமாரிக்குள் நுழைந்து, முதுகுப் பக்கம் கீழே இருக்கப் படுத்தேன். இடக்கையில் வாய்க் கண்ணாடி, வலக்கையில் கொக்கு ஸ்பானர். கண்ணாடியில் நட்டுகள் தெரிந்தன. அப்போது எனக்கு ஒரு நிம்மதி வந்தது. இருட்டு, இடுக்கு, நேராகப் பார்க்க முடியாத இடம், தலைகீழாகத் தெரியும் கண்ணாடி. இது எனக்குத் தெரிந்த இடம். இங்கேதான் நான் வேலை பார்த்து வருகிறேன்.

முதலில் குளிர்நீர்க் குழாய். மேலே கட்டை முட்டுக் கொடுத்திருந்தேன். ஸ்பானர் கவ்வியதும் ஒரு இழுவை, நட்டு முனகிக்கொண்டே சுழன்றது. ஐந்து நிமிடத்தில் குழாய் கழன்றது. எழுந்து போய் அதைக் கையில் எடுத்தபோது ஒரு பெரிய மீனைப் பிடித்தவள் போல இருந்தது. கதவடியில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்த அவரிடம் தூக்கிக் காட்டினேன். "ஒண்டு!"

வெந்நீர்க் குழாய் அப்படி விடவில்லை. சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து நட்டையும் மரையையும் ஒரே கட்டியாக்கியிருந்தன. இழுத்தேன். கட்டை சறுக்கியது, குழாய் முழுதாகச் சுற்றியது, நட்டு அசையவில்லை. திரும்ப முட்டுக் கொடுத்தேன். திரும்பச் சறுக்கியது. மூன்றாம் தடவை ஸ்பானர் வழுக்கி என் விரல் முட்டி சுவரில் உராய்ந்து தோல் போனது. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அவர்தான் எடுத்தார். "பாஸ்," என்றார் என்னைப் பார்த்து. "நாளைக்கு வாறாராம்."

அலுமாரிக்குள்ளிருந்து நான் சொன்னதை இங்கே எழுத மாட்டேன்.

"காணும், விடும்," என்றார் அவர். "ரத்தம் வருது. ஆக்கள் வந்து செய்யட்டும்."

"ஆக்கள் வரமாட்டினம்!" வெளியே வந்து தரையில் குந்தினேன். அழுகை வரும்போல இருந்தது. "கடைக்காரர் சொன்னவர், ரெண்டு பேர் வேணுமாம். மேல ஒராள் பிடிக்க வேணுமாம்."

"அதை ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

நான் அவருடைய வலக்கையைப் பார்த்தேன். அவருக்கும் பதில் தெரிந்துவிட்டது. பிறகு அவர் கதிரையை உதறித் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"நான் பிடிக்கிறன்," என்றார். "பிடிக்கிற கை இடக்கை. அமத்துற கை வலக்கை. திருகுறது நீர். எனக்கு எங்க திருகிற வேலை?"

உடனே தொடங்கவில்லை. நட்டைச் சுற்றி மண்ணெண்ணெய் தோய்த்த பஞ்சை வைத்துவிட்டு, அரை மணி நேரம் பொறுத்தோம். இடையில் என் விரலுக்கு அவர் இடக்கையால் பிளாஸ்டர் ஒட்டினார், கோணலாக. தேநீர் குடித்தோம். பொறுத்திருந்த நேரத்தில்தான் எனக்கு என் பிழை விளங்கியது. கெட்டியான பல்லை நான் ஒருநாளும் நேராக இழுப்பதில்லை. இழுத்தால் உடையும். ஒரு பக்கம் மெல்லச் சாய்ப்பேன், மறுபக்கம் மெல்லச் சாய்ப்பேன். அது தானாகப் பிடியை விடும்வரை அவசரப்பட மாட்டேன். வாயிலே இவ்வளவு பொறுமை காட்டுகிறவள் இந்த நட்டோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன்.

திரும்ப அலுமாரிக்குள் போனேன். கழற்றிய குளிர்நீர்க் குழாயின் இடத்தில் தொட்டி விளிம்பில் ஒரு ஓட்டை இருந்தது. அதனூடாக அவர் முகம் தெரிந்தது. வீட்டிலிருந்த பழைய ஸ்பானர் ஒன்றைக் குழாயில் மாட்டிக்கொண்டு தொட்டியோரத்தில் குனிந்து இருந்தார்.

"உம்மட லைற் கண்ணுக்க அடிக்குது."

"அப்ப பாராதேங்கோ. பிடிச்சிட்டியளே?"

"பிடிச்சிட்டன். ஸ்பானரை இடக்கையால பிடிச்சு, மேல வலக்கையை வைச்சு முழுப் பாரத்தையும் குடுத்திருக்கிறன். திருகும்."

முதலில் நட்டை இறுக்கும் பக்கமே ஒரு சிறு அசைப்பு அசைத்தேன். பிறகு கழற்றும் பக்கம். திரும்ப இறுக்கும் பக்கம். மேலே குழாய் கல்லுப் போல நின்றது. ஒரு மயிரிழை கூட அசையவில்லை. அவர் மூச்சு விடுவது ஓட்டையால் கேட்டது. முன்னுக்கு, பின்னுக்கு. முன்னுக்கு, பின்னுக்கு. என் நெற்றி வியர்வை கண்ணுக்குள் போனது. துடைக்கக் கை இல்லை.

"என்ன மாதிரி?"

"பொறுங்கோ."

"கை நடுங்குது. ஆனா விடமாட்டன்."

"பொறுங்கோ, பொறுங்கோ..."

கிரக்.

சிறு சத்தம்தான். அந்தச் சத்தம் என் மணிக்கட்டுக்கு மிகவும் பழக்கமானது. பல்லின் வேர் தன் பிடியை விடுகிற சத்தம். நட்டு ஒரு கால் வட்டம் சுழன்றது. பிறகு அரை வட்டம். பிறகு விரலாலேயே திருகினேன், துருத் தூள் முகத்தில் கொட்டக் கொட்ட.

"வந்திட்டுது!" என்று கத்தினேன்.

"வந்திட்டுதே? வந்திட்டுதே?" ஓட்டைக்குள்ளால் அவர் குரல் இடித்தது. பிறகு குழாய் மேலே கிளம்பிப் போனது, அந்த இடத்தில் இன்னொரு ஓட்டை. இரண்டு ஓட்டைக்குள்ளாலும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். கொழும்பில் நாங்கள் குடியேறிய காலத்தில் சிரித்த சிரிப்பு போல இருந்தது என்று சொன்னால் மிகையாகத் தெரியும். ஆனால் எனக்கு அப்படித்தான் இருந்தது.

மிச்சம் எல்லாம் ஓட்டமாக நடந்தது. விளிம்பில் காய்ந்திருந்த பழைய அழுக்கைப் பல் சுரண்டும் கருவியால் சுத்தம் செய்தேன். புதுக் குழாய்களை ரப்பர் வளையத்தோடு இறக்கினேன். அவர் மேலே நேர் பார்த்துப் பிடித்தார். "இடப்பக்கம் கொஞ்சம்... கூடிப்போச்சு... ஆ, இப்ப நேர்." எஞ்சினியர் முழுதாகத் திரும்பி வந்திருந்தார். சுவர்ப் பக்க மரைகளில் வெள்ளை டேப்பைச் சுற்றி, புது ஹோஸ்களைப் பூட்டினேன். மொட்டை மாடிக்கு ஏறி, இந்தத் தடவை சரியான தாங்கியைத் திறந்தேன்.

இறங்கி வந்து பார்த்தால், வெந்நீர்ப் பக்கம் ஒழுகியது. சொட்டுச் சொட்டாக, அமைதியாக.

"வோஷர் போட்டனீரே?" என்றார்.

போடவில்லை. ஹோஸின் வாய்க்குள் போட வேண்டிய அந்தச் சிறு வளையம் பெட்டியின் மூலையில் அப்படியே கிடந்தது. திரும்ப மொட்டை மாடி, திரும்பப் பூட்டு, திரும்ப அலுமாரி. இரண்டாம் மாடி அக்கா இந்தத் தடவை படியிலேயே நின்றார். "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "முடியப் போகுது," என்று சொல்லிவிட்டு அவரைத் தாண்டி ஓடினேன். வோஷரைப் போட்டு இறுக்கி, தண்ணீரைத் திறந்து, ஒவ்வொரு மூட்டிலும் மெல்லிய ரிஷ்யூக் கடதாசியைச் சுற்றி வைத்தேன். ஈரம் இருந்தால் கடதாசி காட்டிக்கொடுத்துவிடும். பத்து நிமிடம் இருவரும் அலுமாரிக்கு முன்னால் தரையில் இருந்தோம். கடதாசியை எடுத்து அவரிடம் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துப் பார்த்தார்.

"காய்ஞ்சு கிடக்கு," என்றார். "எலும்பு மாதிரி."

கீசரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். சிவப்பு வெளிச்சம் அணைந்ததும் நான் வழக்கம் போலத் தொட்டிப் பக்கம் குனிந்தேன்.

"தள்ளி நில்லும்," என்றார்.

வலக்கையை நீட்டினார். விரல்கள் பாதி மடிந்தபடி இருந்தன. புறங்கையை லீவரில் வைத்து ஒரு தள்ளு. தண்ணீர் கொட்டியது. மற்ற லீவரையும் தள்ளினார். இரண்டும் சேர்ந்து தொட்டியின் அடியில் மோதி இரைந்தன. அதே கையைத் தண்ணீருக்குள் விட்டுச் சூடு பார்த்தார். குளிர்நீரைக் கொஞ்சம் கூட்டினார். வெந்நீரைக் கொஞ்சம் குறைத்தார். பிறகு இரண்டையும் பூட்டினார். பிறகு, ஒரு காரணமும் இல்லாமல், திரும்பத் திறந்தார்.

"என்ன?" என்றேன்.

"ஒண்டுமில்லை. நல்லா வேலை செய்யுது."

துவாயைத் தோளில் போட்டுக்கொண்டார். என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். நான் வெளியே வந்தேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அந்தக் கதவு உள்ளிருந்து சாத்தப்பட்டது.

போர்வைகளை மடித்து அலுமாரியில் அடுக்கினேன். பலகையைத் திருகிப் பூட்டினேன், ஆனால் அதன்மேல் பெயின்ட் பூசப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். உள்ளே தண்ணீர் திறப்பதும் நிற்பதும், நிற்பதும் திறப்பதுமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு அவர் ஏதோ மெட்டை முனகத் தொடங்கினார். அவர் நல்ல பாட்டுக்காரர் அல்ல. நான் கட்டிலில் சாய்ந்து முழுவதையும் கேட்டேன்.

ஒரு மணி நேரத்துக்குப் பிறகு சிவந்த முகத்தோடு வெளியே வந்தார். நான் துருவும் தூசியுமாக உள்ளே போய் லீவரைத் தள்ளினேன். கீசரில் இருந்த வெந்நீரை ஒரு சொட்டு விடாமல் முடித்திருந்தார். குளிர்ந்த தண்ணீர்தான் வந்தது. அதில் குனிந்து தலையை நனைத்து, கையிலிருந்த துரு கரைந்து பச்சைத் தொட்டியில் சிவப்புக் கோடாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே, நான் வாய்விட்டுச் சிரித்தேன்.